வீட்டு மொழியும் பள்ளி மொழியும்: பதில் சொல்ல வேண்டியவர் யார்?

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபொழுது, தலைவர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றையோ சங்கம் தோன்றிய கதையையோ நான் எழுதுவேன் என அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். அவற்றை என்னினும் நன்கறிந்த பெரியவர்கள் இம்மலரில் எழுதுகின்றனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்றவன் என்ற முறையில், ஒரு கேள்வியின் வரலாற்றை மட்டும் எழுத விரும்புகிறேன். பள்ளியில் வழங்கும் மொழி தெரியாத பிள்ளை ஒன்று முதல் வகுப்பில் வந்து அமர்கிறது. ஐந்து ஆண்டுகள் கழித்து அப்பிள்ளை அம்மொழியைக் கற்றுக்கொண்டதா, இல்லையா என்பதற்கு யார் பதில் சொல்ல வேண்டும்? பிள்ளையா, பெற்றோரா, ஆசிரியரா, அரசா?

மல்லாங்கிணறு, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் வாழும் நமக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. வானம் பார்த்த இக்கரிசல் பூமியில் அருந்ததியர் இல்லங்கள் பலவற்றில் தெலுங்கே பேச்சு மொழி. நாயக்கர் காலத்தில் வந்து குடியேறியவர் என்பர் சிலர். இம்மண்ணின் பூர்வகுடிகளே பிற்காலத்தில் அம்மொழியை ஏற்றனர் என்பர் வேறு சிலர். அவ்வழக்கினுள் நான் புகவில்லை. நம் தாய்மார் பேசும் தெலுங்குக்கு நம்மிடையே எழுத்து இல்லை, புத்தகம் இல்லை. பாதி தமிழும் பாதி தெலுங்குமாக, கமலைக்கு வேண்டிய தோல் வேலை செய்தும், கம்பங்காட்டிலும் பருத்திக்காட்டிலும் கூலிக்கு உழைத்தும் வாழ்ந்த மக்களின் வாய்மொழியாகவே அது இருந்து வருகிறது. இதே மொழியைப் பேசும் நிலமுடைய குடும்பங்களும் இவ்வட்டாரத்தில் உண்டு. ஆயின் அவ்வீடுகளில் தமிழ் நாளிதழ் வந்தது, வானொலி பாடியது, அண்ணனோ மாமனோ படித்தவராய் இருந்தார். ஆகவே அவ்வீட்டுப் பிள்ளைக்கு மொழி ஒரு தடையாகவில்லை. மொழி ஒன்றே, நிலை வேறு.

என் முதல் வகுப்பு அனுபவம் ஒன்றைக் கூறாமல் மேலே செல்ல இயலவில்லை. ஆசிரியர் மூன்று விரல்களைக் காட்டி, எத்தனை என்று கேட்டார். எனக்கு விடை தெரியும். எழுந்து நின்று உரத்த குரலில் "மூடு" என்றேன். தெலுங்கில் மூன்றுக்கு அதுவே பெயர். ஆசிரியரின் காதில் அது எவ்வாறு விழுந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அன்று வாங்கிய அடியை விட, சரியான விடைக்கு ஏன் அடி விழுந்தது என்பது விளங்காமல் பல மாதங்கள் வாய் திறவாது இருந்ததே பெரிய இழப்பு. அவரைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. பின்னாளில் நானே ஆசிரியனாகி, பேசாது அமர்ந்திருந்த ஒரு சிறுமியைப் பற்றி "மந்தம்" என்று தேர்ச்சிக் குறிப்பில் எழுதினேன். அவள் வீட்டு மொழியும் என் வீட்டு மொழியும் ஒன்றே என்பது எனக்குத் தெரிய ஓராண்டு ஆயிற்று. நானும் அவளைக் கேட்கவில்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம். பொதுப் பணத்தில் நடைபெறும் பள்ளி, தன்னிடம் வரும் பிள்ளைக்குக் கடமைப்பட்டது என்ற எண்ணம் இந்நாட்டில் எளிதில் பிறக்கவில்லை. 1854ஆம் ஆண்டு வெளிவந்த உட்டின் கல்வி அறிக்கை, உயர் கல்விக்கு ஆங்கிலமும் பொதுமக்கள் கல்விக்கு நாட்டு மொழிகளும் எனக் கூறி, தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் வழங்க வழி செய்தது. இரண்டு ஆண்டுகளில் அதற்குச் சோதனை வந்தது. 1856இல் பம்பாய் மாகாணத்துத் தார்வாரில் மகர் குலச் சிறுவன் ஒருவன் அரசுப் பள்ளியில் சேர விண்ணப்பித்தான். ஒருவனைச் சேர்த்தால் மற்றவர் அனைவரும் விலகிவிடுவர் என்று பம்பாய் அரசு கை விரித்தது. பின்னர் இங்கிலாந்திலிருந்த கம்பெனி இயக்குநர்கள், முழுவதும் அரசுச் செலவில் நடக்கும் பள்ளிகள் எல்லா வகுப்பினர்க்கும் உரியவை என்று அறிவுறுத்தினர். அண்ணல் அம்பேத்கர் 1928இல் சைமன் குழுவுக்கு அளித்த கல்வி பற்றிய அறிக்கையில் இச்செய்தியை எடுத்துக்காட்டியுள்ளார். பணம் பொதுப்பணம், ஆகவே கதவும் பொதுக்கதவு என்ற வாதத்தின் விதை இங்கே காணப்படுகிறது. விதை மண்ணுக்குள் நெடுங்காலம் கிடந்தது என்பது வேறு.

சென்னை மாகாணத்தில் ஒரு புதுமுறை வழக்குக்கு வந்தது. தேர்ச்சிக்கேற்ற மானியம் என்று அதனைக் கூறலாம். இங்கிலாந்தில் 1862இல் இராபர்ட் லோ கொண்டுவந்த விதிகளைப் பின்பற்றியது அது. ஆய்வாளர் பள்ளிக்கு வருவார். பிள்ளைகளை ஒவ்வொருவராகப் படிக்கச் சொல்வார், எழுதச் சொல்வார், கணக்குப் போடச் சொல்வார். தேறியவர் கணக்கின்படி பள்ளிக்கு மானியம் கிடைக்கும். பிள்ளை கற்றதா என்பதற்குப் பள்ளியே பதில் சொல்ல வேண்டும் என்னும் கருத்து நம் நாட்டுப் பள்ளிகளில் முதன்முதல் இவ்வாறு நுழைந்தது எனலாம். கருத்தில் நியாயம் இருந்தது. நடைமுறையில் கேடு விளைந்தது. ஆய்வாளர் வரும் நாளுக்காகப் பாடம் மனப்பாடம் ஆயிற்று. வீட்டில் எழுத்து மணமே இல்லாத பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட ஆசிரியருக்கு வருவாய் குறைந்தது. ஏழைப் பிள்ளையைச் சேர்ப்பவன் தண்டம் கட்ட வேண்டும் என்ற நிலையை ஒரு விதியே உண்டாக்கியது. இவ்விடரை அரசும் உணர்ந்தது. பஞ்சமப் பிள்ளைகளின் தேர்ச்சிக்குக் கூடுதல் வீதத்தில் மானியம் கொடுக்கலாயிற்று. கர்சான் காலத்தில், 1904இல் வெளிவந்த கல்வித் தீர்மானத்தோடு இம்முறை விடைபெற்றது.

இதற்கிடையில் நம் மக்கள் வரலாற்றில் மறக்கவொண்ணாத ஆணை ஒன்று பிறந்தது. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் அம்மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையை ஒட்டிய விவாதங்களின் பின், 1893 பிப்ரவரி 1ஆம் நாள் சென்னை அரசு 68ஆம் எண் ஆணையை வெளியிட்டது. பஞ்சமர் கல்வியின் மகாசாசனம் எனப் பெயர் பெற்ற ஆணை அது. தனிப் பள்ளிகள், ஆசிரியப் பயிற்சி பெறுவோர்க்கு உதவித்தொகை, பள்ளிக்குப் புறம்போக்கு நிலம் முதலியன அதில் இடம்பெற்றன. பண்டிதர் அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன் போன்றோர் இதழ் நடத்தியும் மனு அளித்தும் கல்வி கேட்ட காலம் அது. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார்.

ஆணை பிறந்து கால் நூற்றாண்டு கழிந்தபின் நிலைமை யாது? 1919ஆம் ஆண்டு அரசாணை ஒன்று அதற்கு எண்ணிக்கையாலேயே விடை கூறுகிறது. மாகாணத்தில் பொது நிருவாகத்தில் இருந்த பள்ளிகள் 8,157. அவற்றுள் பஞ்சமப் பிள்ளைகளைச் சேர்த்தவை 609. அக்கிரகாரத்திலும் கோயிலிலும் சாவடியிலும் நடைபெற்ற பள்ளிகளுக்குள் நம்மவர் எவ்வாறு கால் வைப்பர்? 1920 முதல் தாழ்த்தப்பட்டோர் நலன் தொழிலாளர் ஆணையரிடம் ஒப்படைக்கப்பட்டது. தொழிலாளர் துறைப் பள்ளிகள் எழுந்தன. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அங்கேதான் உள்ளது. அக்காலத்தில் சென்னைச் சட்டசபையில் உறுப்பினராய் இருந்த எல்.சி. குருசாமி அவர்கள் அருந்ததியப் பிள்ளைகளுக்கு இரவுப் பள்ளிகள் நடத்தினார். பகலெல்லாம் உழைத்த பிள்ளை இரவில்தான் எழுத்தைப் பார்க்க முடியும் என்று அவர் அறிந்திருந்தார். எம்.சி. இராசா அவர்களும் பள்ளிக் கதவுகளுக்காக ஓயாது வாதாடினார்.

இளைஞர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1856 முதல் 1947 வரை நம் முன்னோர் நடத்திய போர் கதவுக்கான போர். எத்தனை பள்ளிகள் சேர்த்தன, எத்தனை பிள்ளைகள் சேர்ந்தனர் என்பதே எண்ணப்பட்டது. அடி எடுத்து வைக்கவே இடமில்லாதவன், உள்ளே சென்றபின் எம்மொழியில் பேசுவார்கள் என்று கேட்கமாட்டான். அவர்களைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை. ஆயினும் அன்று எண்ணப்படாதது இன்றளவும் எண்ணப்படாமலே இருக்கிறது.

விடுதலைக்குப் பின் மொழிச் சிறுபான்மையினர்க்குப் பாதுகாப்பு வந்தது. ஒரு வகுப்பில் 10 பேரோ பள்ளி முழுவதிலும் 40 பேரோ இருந்தால் அவர்தம் தாய்மொழியில் தொடக்கக் கல்வி அளிக்க ஏற்பாடு செய்யலாம் என்று 1949இல் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு முடிவு செய்தது. மொழிவழி மாநிலங்கள் அமைந்த 1956இல், ஏழாவது திருத்தத்தின் வழியே அரசமைப்பில் 350-அ உறுப்பு சேர்ந்தது. தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்குப் போதிய வசதி செய்ய முயல்வது மாநிலத்தின் கடமை என்று அது கூறுகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும், இயன்ற அளவு தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்கிறது.

இவற்றால் நமக்கு விளைந்த பயன் மிகக் குறைவு. நம் பெற்றோர் எவரும் தெலுங்குப் பள்ளி கேட்கவில்லை, கேட்கவும் வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத வட்டார வழக்கைப் பேசும் பிள்ளைக்கு ஆந்திரத்துப் பாடநூல் மற்றோர் அயல்மொழியே. நம் பிள்ளைக்கு வேண்டியது தமிழ். அதனைத் தெரிந்த பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்லாமல், புதிதாகக் கற்பவனுக்குக் கற்பிப்பது போலக் கற்பிக்கும் தமிழ். சட்டம் தாய்மொழியில் கற்பதைப் பற்றிப் பேசியது. பள்ளி மொழியைக் கற்பிப்பதைப் பற்றிப் பேசவில்லை. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தமிழைக் கட்டாயமாக்கியபொழுது, மொழிச் சிறுபான்மைப் பள்ளிகள் விலக்குக் கேட்டு நீதிமன்றம் சென்றன, பெற்றும் வந்தன. அவ்வழக்குகளில் நம் பிள்ளையின் பெயர் இல்லை. அவன் ஏற்கெனவே தமிழ்ப் பள்ளியில், கடைசி வரிசையில் அமர்ந்திருந்தான். (நாம் தமிழர் அல்லர் என்று வாதிட எவரேனும் இக்கட்டுரையைத் தேடி எடுப்பார்களாயின், அவர்களுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. தமிழ் எனக்குச் சோறு போட்ட மொழி. என் பிள்ளைகளின் மொழி.)

இதே கேள்வியை நேருக்கு நேர் சந்தித்த நாடு ஒன்று உண்டு. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் நடத்திய பெரும் போராட்டத்தின் பயனாக 1964இல் குடியுரிமைச் சட்டம் பிறந்தது. மத்திய அரசின் பணம் பெறும் எந்நிறுவனமும் இனத்தாலோ நிறத்தாலோ பிறந்த நாட்டாலோ வேறுபாடு காட்டலாகாது என்பது அதன் ஒரு பகுதி. தார்வாரில் எழுந்த வாதத்தோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். சான்பிரான்சிஸ்கோ நகரப் பள்ளிகளில் ஆங்கிலம் அறியாத சீன வமிசப் பிள்ளைகள் 2,856 பேர் இருந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 1,000 பேருக்கே ஆங்கிலம் கற்கத் தனி உதவி கிடைத்தது; சுமார் 1,800 பேருக்கு ஒன்றுமில்லை. கின்னி லாவ் என்னும் சிறுவன் முதலானோர் சார்பில் வழக்குத் தொடுக்கப்பட்டது. பள்ளி கூறிய விடை எளிது: எல்லாப் பிள்ளைக்கும் ஒரே ஆசிரியர், ஒரே புத்தகம், ஒரே வகுப்பு, வேறுபாடு எங்கே? 1974 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இவ்விடையை ஏற்கவில்லை. மொழி புரியாத பிள்ளையின் முன் ஒரே புத்தகத்தை வைப்பதனால் சமத்துவம் ஆகிவிடாது என்று தீர்ப்பளித்தது. கறுப்பின மக்கள் வென்ற சட்டம் சீனப் பிள்ளைக்கு நிழல் தந்தது.

1981இல் டெக்சாஸ் மாநிலத்து வழக்கொன்றில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்று கேள்விகளை வகுத்தது. பள்ளி பின்பற்றும் முறை கல்வியறிஞர் ஏற்கும் முறையா? அதனை நடத்த ஆசிரியரும் பொருளும் உண்டா? சில காலம் சென்றபின் பிள்ளைக்கு மொழி வந்ததா? மூன்றாவது கேள்வியே முதன்மையானது என்பேன். முயன்றோம் என்று சொல்லி அதிலிருந்து தப்ப முடியாது. பின்னர் 2001ஆம் ஆண்டின் சட்டம், ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளின் தேர்ச்சியைத் தனிப் பிரிவாகக் காட்ட வேண்டும் என்றது. மொத்தச் சராசரியில் அவர்களை மறைக்க இயலாது. 2015ஆம் ஆண்டின் சட்டம், அப்பிள்ளைகள் ஆண்டுதோறும் ஆங்கிலத்தில் எவ்வளவு முன்னேறினர் என்பதைப் பள்ளியை மதிப்பிடும் அளவுகோல்களுள் ஒன்றாக்கியது. இவ்வளவுக்கும் முதற்படி ஒரு சிறு தாள். பிள்ளையைச் சேர்க்கும்போது, வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று பெற்றோரைக் கேட்டு எழுதிக்கொள்வார்கள்.

அங்கே எல்லாம் செம்மையாக நடப்பதாக நான் கூறவில்லை. தேர்வு மதிப்பெண்ணுக்காகப் பாடத்தைச் சுருக்கியதாகவும் பிள்ளைகளை வாட்டியதாகவும் அந்நாட்டு ஆசிரியர்களே குறை கூறினர். நம் பழைய தேர்ச்சி மானியத்தின் நோய் அங்கும் எட்டிப் பார்த்தது. எனினும் கேள்வி கேட்கப்பட்டது. பள்ளி பதில் சொல்லக் கடமைப்பட்டது.

நம் மாநிலத்தில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தை நான் வரவேற்றவன். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்து அவரவர் நிலைக்கேற்பக் கற்பிக்கும் முறை நல்ல முறையே. ஆயின் ஒரு பிள்ளை ஏன் அரும்பிலேயே நிற்கிறது என்று கேட்கும்போது, நாள்தோறும் வராமை, பெற்றோர் அக்கறையின்மை என்ற இரு காரணங்களே பெரும்பாலும் நம் ஆசிரியர் வாயில் வருகின்றன. வீட்டு மொழி எவர் நினைவுக்கும் வருவதில்லை.

ஆங்கிலத்தின் கதையும் இதுவே. 2012-13 கல்வியாண்டு தொடங்கி அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகின. நம் பெற்றோர் மகிழ்ச்சியோடு சேர்த்தனர், நான் தடுக்கவில்லை. ஆங்கிலம் மேல்தட்டினர் வீட்டுச் சொத்தாகவே இருக்கட்டும் என்று சொல்ல எனக்கு மனம் இல்லை. ஆனால் அப்பிரிவுகள் பலவற்றில் புத்தகம் ஆங்கிலம், ஆசிரியர் விளக்கம் தமிழ், தேர்வில் எழுதுவது மனப்பாடம். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், புத்தகத்தில் ஆங்கிலம் என மூன்று படிகள் ஏற வேண்டிய பிள்ளைக்கு, முதல் இரு படிகளுக்கு நடுவே பலகை போட்டவர் எவரும் இல்லை. 2009ஆம் ஆண்டின் சட்டம் பட்டியல் வகுப்பினர்க்குரிய 18 விழுக்காட்டில் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு வழங்கியது. 2024 ஆகஸ்ட் 1ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு இத்தகைய உட்பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. இது நம் காலத்துப் பெரும் வெற்றி. கல்லூரியில் நமக்கென்று நாற்காலி இருக்கிறது. முதல் வகுப்பில் வாயடைத்துப் போன பிள்ளை அந்நாற்காலி வரை நடந்து வர வேண்டும்.

நம் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேட்டிலும் தாய்மொழி என்றொரு கட்டம் உண்டு. பழைய பதிவேடுகளைப் புரட்டினால் நம் தெருப் பிள்ளைகள் அனைவருக்கும் அதில் தமிழ் என்றே எழுதப்பட்டிருக்கும். என் பெயருக்கு நேரேயும் அவ்வாறே உள்ளது. எவரும் கேட்டு எழுதியதன்று; கை பழக்கத்தில் எழுதியது. ஆகவே அரசின் கணக்கில் இப்பிள்ளைகள் மொழி தெரியாதவராய் ஒருபோதும் இருந்ததில்லை. இல்லாதவர்க்காக யார் பதில் சொல்வது?

சென்ற ஆண்டு சேர்க்கையின்போது ஒரு தாய் தன் மகளை அழைத்து வந்தார். கையில் பருத்திக்காட்டுக் கீறல்கள் இருந்தன. "வீட்ல என்ன பேசுவீங்க தாயி?" என்று கேட்டேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "பேசுறது தெலுங்குதான் சார். ஆனா தமிழுன்னே போட்டுருங்க. நாளைக்குச் சர்டிபிகேட்டுல ஏதும் வம்பு வந்துரக் கூடாதுல்ல" என்றார். அவர் அச்சத்தைத் தவறு என்று நான் கூறமாட்டேன். சாதிச் சான்றுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்று பொறுமையாக விளக்கினேன். பிள்ளைக்குப் பாடம் சொல்லும் டீச்சருக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் என்றேன். "பெரிய சார் சொன்னாச் சரிதான்" என்றார். அக்கட்டத்தில் தெலுங்கு என்று எழுதினேன். முதல் வகுப்பு ஆசிரியையிடம் "மூடு" என்ற சொல்லின் கதையையும் கூறினேன். அவர் சிரிக்கவில்லை, எண்களையும் வீட்டுச் சாமான்களையும் தெலுங்கில் எவ்வாறு சொல்வீர்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். அச்சிறுமி இப்பொழுது இரண்டாம் வகுப்பில் தமிழில் கதை சொல்கிறாள்.

கணினியில் ஏற்றப்படும் மாணவர் விவரத்திலும் தாய்மொழிக்கு இடம் உண்டு. அங்கும் தெலுங்கு என்றே பதிந்தேன். அதனைப் பார்த்து இதுவரை எந்த அலுவலகத்திலிருந்தும் எனக்கு ஒரு கேள்வியும் வரவில்லை.